எரிப்பதற்காக வாங்குதல்: ஒரு கணினி விளையாட்டின் அங்கதமும் அதன் எல்லையும்

நுகர்வுப் பண்பாட்டைச் சாடும் படைப்புகளிற் பெரும்பாலானவை நுகர்வோனைத் தொலைவில் நிறுத்தி நகைப்பவை. 2012 ஆம் ஆண்டு வெளியான ‘லிட்டில் இன்ஃபெர்னோ’ எனும் கணினி விளையாட்டு, விளையாடுபவரையே நகைப்புக்கு இலக்காக்குவதால் அவற்றினின்றும் வேறுபடுகின்றது. கைல் கேப்ளர், அலன் புளொம்குவிஸ்ட், கைல் கிரே ஆகிய மூவர் ‘டுமாறோ கோப்பரேஷன்’ என்ற பெயரில் இதனை ஆக்கினர். கதையினுள்ளே கணப்படுப்பு விற்கும் கற்பனை நிறுவனத்துக்கும் அதே பெயரையே இட்டமையால், அவர்கள் தம்மையும் அங்கதத்துக்கு உட்படுத்தினர் எனலாம்.

விளையாட்டின் அமைப்பு எளியது. ஓயாது பனி பொழியும் நகரொன்றிலே, கணப்படுப்பின் முன்னிருந்து, விலைப்பட்டியலிலுள்ள பொருள்களை வாங்கி எரித்தல் வேண்டும். எரியும் பொருள் தன் விலையிலும் கூடிய பணத்தைத் தரும். அப்பணம் மேலும் வாங்குவதற்கே உதவும். 140 பொருள்கள் உள. அவற்றைப் பொருந்தச் சேர்த்து எரிப்பதற்கு 99 இணைவுகள் உள. தோல்வி என்பதே இல்லை. வாங்கிய பொருள் வந்துசேரும்வரை காத்திருத்தல் வேண்டும். அதை விரைவுபடுத்த முத்திரைகள் உண்டு. கைபேசி விளையாட்டுகள் பணம் பறிக்கக் கையாளும் உத்தி இங்கே கேலிக்குரியதாகின்றது. தீயோ உண்மையிலேயே அழகானது. அவ்வின்பத்தை மறுக்காது வழங்கி, அதன் வெறுமையை விளையாடுபவர் தாமே உணருமாறு செய்வதிலேயே இப்படைப்பின் வெற்றி தங்கியுள்ளது.

ஆயின், இவ்வங்கதத்துக்கு எல்லையொன்று உண்டு. பொருள்கள் வீணாக அழிதல் இலங்கை வாசகர்க்குப் புதிதன்று. மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளையில் 1999 இல் தொடங்கப்பெற்ற பொருளாதார மத்திய நிலையத்துக்கு, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மரக்கறிகள் மொத்த விற்பனைக்கு வருகின்றன. விளைச்சல் மிகுந்து விலை வீழும் காலங்களில், விற்கப்படாத மரக்கறிகள் கொட்டப்படுவதுண்டு. விளையாட்டிலே அழிவு இலாபந் தருகின்றது. தம்புள்ளையிலோ விவசாயியின் பல மாத உழைப்பும், உரத்துக்குப் பட்ட கடனும், லொறிக் கூலியும் சேர்ந்தே அழிகின்றன.

விலைப்பட்டியலிலுள்ள பொருள்களை ஆக்கியோர் யாவர், அவர் பெற்ற கூலி எவ்வளவு என்னும் வினாக்கள் விளையாட்டில் முதன்மை பெறுவதில்லை. உற்பத்தியாளனைக் காணாத அங்கதம் நுகர்வைத் தனிமனிதனின் மனப்பழக்கமாகவே காண்கின்றது. எனவே அது காட்டும் தீர்வும் தனிமனிதனுக்குரியதே. வீடு எரிந்தபின் வெளியேறும் சிறுவன், வானிலை அறிவிப்பாளரின் பலூனில் ஏறி நகரைவிட்டு அகல்கின்றான். கணப்பின் முன்னிருந்தவனுக்கு அது விடுதலையாகலாம். விலை படியாத மூடைகளோடு லொறியருகே நிற்கும் விவசாயிக்கு அவ்வழி இல்லை.

நுகர்வின் மயக்கத்தை இத்துணை நேர்மையாக உணர்த்திய விளையாட்டுகள் சிலவே. அம்மயக்கத்தின் விலையைச் செலுத்துவோர் யாவர் என்பதையும் உணர்த்தும் விளையாட்டு, சந்தையின் மறுபுறத்தை அறிந்தோரிடமிருந்தே தோன்றுதல் கூடும்.