பலி என்றால் யாருக்கு?

சின்ன வயசில் ஞாயிறு பள்ளியில் லேவியராகமம் வாசித்தபோது நாக்கில் புரளாத சொல் ஒன்று இருந்தது: சர்வாங்க தகனபலி. பழுதில்லாத ஆண் மிருகமாகக் கொண்டு வரணும், தலைமேல் கை வைக்கணும், கொன்று துண்டாக்கிப் பலிபீடத்தில் முழுசாக எரிக்கணும். இறைச்சியில் யாருக்கும் பங்கில்லை. தோல் மட்டும் ஆசாரியனுக்கு. (நம்ம ஊரில் தோல் யார் தலையில் விழுந்தது என்பது வேறு கதை.)

எபிரேயத்தில் இதன் பெயர் 'ஓலா', மேலே போவது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'முழுதும் எரிந்தது' என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். ஹோலோஸ் முழுதும், கௌஸ்டோஸ் எரிந்தது. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ஹோலோகாஸ்ட் ஆயிற்று. நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றதற்கு இதுவே பெயராக நிலைத்தது. 1978இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதே தலைப்பில் வந்த தொடர் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது.

ஆனால் யூதர்கள் பலருக்கு இந்தச் சொல் ஒப்பவில்லை. ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட பிரிமோ லெவிக்கும் பிடிக்கவில்லை. பலி என்றால் கொடுத்தவன் யார், வாங்கிக்கொண்ட சாமி யார்? கொன்றவன் ஆசாரியனா? எபிரேயத்தில் 'ஷோவா' என்கிறார்கள், பேரழிவு. ஈத்திஷ் பேசியவர்கள் 'ஹுர்பன்' என்றார்கள், இடிந்து நாசமாவது. கிளாட் லான்ஸ்மன் 1985இல் வெளியிட்ட ஒன்பது மணி நேரத்துக்கும் அதிகமான படத்தின் பெயரும் ஷோவாதான்.

இதைப் படித்த கையோடு நம்ம எழுத்துகளைப் புரட்டினேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்ததைப் பற்றி எழுதும்போது நாமும் 'பலியானார்கள்' என்றுதான் எழுதிக்கொண்டு வருகிறோம். பஸ் கவிழ்ந்தாலும் பத்திரிகைக்காரனுக்கு 'பலி'தான், பழகிப்போச்சு. கூலி உயர்வு கேட்ட ஜனங்களின் பெண்டு பிள்ளைகள் அவங்க. யாருக்கும் படைக்கப்பட்டவங்க இல்ல. 1973இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. 'கொளுத்திக் கொன்றார்கள்' என்று எழுதினால் 'யார்?' என்ற கேள்வி கூடவே வரும். 'பலியானார்கள்' என்கிற வாக்கியத்தில் கொன்றவனுக்கு நாமே வழிவிட்டு அனுப்பிவிடுகிறோம்.

மற்றவர்களை மட்டும் குத்தம் சொல்லல. வெண்மணியை 'வேள்வி' என்று நானே ஒரு கவிதையில் எழுதி, மேடையில் வாசித்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். வேள்வி! யாருடைய சொல் அது? அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்துக்கு இன்னும் வேறு வரி வரல.