இரண்டாவது தங்கத்தை எங்கே வைப்பது?

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது 1999-இல். இன்னமும் அதை விடாமல் ஆட ஆள் இருக்கிறதென்றால், ஆட்டக்களத்தை நாமே அமைக்க உதவும், கூடவே வரும் மேப் எடிட்டருக்கு அதில் பெரிய பங்குண்டு. 2019-இல் வந்த 'டெஃபனிடிவ் எடிஷன்' பதிப்பில் அந்த எடிட்டரைத்தான் கொஞ்ச காலமாகக் குடைந்துகொண்டிருக்கிறேன். இதற்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் அளவு. இருவர் ஆட 120-க்கு 120 கட்டம் தாராளம். 480-க்கு 480 என்று ஓர் அளவும் உண்டு; பரப்பில் முன்னதைப்போல் பதினாறு மடங்கு. புதியவர்களின் கை அங்கேதான் போகும். வேண்டாம். எதிரியைத் தேடி நடந்தே ஆட்டம் தீர்ந்துவிடும்.

மண், காடு, மேடு, தண்ணீர் எல்லாம் பிரஷ்ஷால் தீட்டுவதுதான், சீக்கிரமே கைவந்துவிடும். மேப்பின் சுவை எது எதற்கு எவ்வளவு தூரம் என்பதில் இருக்கிறது. ஆட்டக்காரர் தொடங்கும் டவுன் சென்டரைச் சுற்றி ஆடுகள், இரண்டு காட்டுப்பன்றி, பெர்ரிப் புதர்கள் என வழக்கமானதையே வையுங்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு முதல் சில நிமிடங்கள் மனப்பாடம். அதைக் குலைத்தால் எரிச்சல்தான் வரும். உங்கள் கற்பனையை இரண்டாவது தங்கச் சுரங்கத்துக்குச் செலவழியுங்கள். வீட்டருகே இருக்கும் தங்கம் தீர்ந்ததும் எவரும் வெளியே வந்தாக வேண்டும். எங்கே வருவது என்பதை முடிவு செய்பவர் நீங்கள்.

இந்த விளையாட்டில் மேட்டிலிருந்து அடிப்பவருக்குச் சேதம் 25 சதவீதம் கூடும், பள்ளத்திலிருந்து அடிப்பவருக்கு அதே அளவு குறையும். தங்கத்தைக் குன்றின் உச்சியில் வைத்தால் முதலில் ஏறுபவர் கோட்டை கட்டி உட்கார்ந்துவிடுவார். போட்டி அங்கேயே முடிந்தது. அடிவாரத்தில் வைத்துப் பாருங்கள். தோண்டும் வில்லேஜர்கள் கீழே, ஆபத்து மேலே. படையை உச்சிக்கு அனுப்பினால் வீடு வெறுமையாகும். அனுப்பாவிட்டால் சுரங்கம் போகும். ஆட்டக்காரரை இப்படித் தவிக்கவிடும் மேப்தான் எனக்கு நல்ல மேப்.

காட்டைச் சுவராக நம்ப வேண்டாம். ஆனேஜர் என்ற கல்லெறி பொறி மரங்களைத் தகர்த்துப் பாதை திறந்துவிடும். அது தெரிந்தே காடு வைப்பது அழகு. இரு காடுகளுக்கு நடுவே வழி விட்டால் அகலமாக விடுங்கள். ஒற்றைக் கட்ட வழியில் படை முட்டி நிற்கும்.

மேப்பின் ஒரு பாதியை நகலெடுத்துத் திருப்பி ஒட்டும் வசதியும் இருக்கிறது. நியாயமான மேப்புக்கு அது போதும் என்று தோன்றும். ஆனால் திரை சாய்கோணத்தில் காட்டுவதால், ஒருவருக்குக் காட்டின் முன்னால் பளிச்சென்று தெரியும் தங்கம் இன்னொருவருக்கு மரங்களின் பின்னே பாதி மறைந்துவிடும். ஒட்டிய பிறகு கண்ணால் பார்த்துத் திருத்தியே ஆகவேண்டும்.

2022-இல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' தொகுப்பில் ஆடக்கூடிய நாகரிகமாகத் திராவிடர்களும் சேர்ந்தார்கள். உருமி வீரர், திரிசடைக் கப்பல் எல்லாம் எடிட்டரில் கைக்குக் கிடைக்கின்றன. ராஜேந்திர சோழனின் 1025 கடாரப் படையெடுப்பைச் செய்து பார்க்க ஆசை வராமல் இருக்குமா! ஒன்றை மட்டும் பாருங்கள்: தீவு மேப்பில் கடலை வென்றவரே எல்லாவற்றையும் வென்றுவிடுவார். தங்கத்தைக் கரையிலிருந்து தள்ளி, கப்பலின் அம்பு எட்டாத உள்நாட்டில் வைத்தால் இறங்கிச் சண்டையிட்டுத்தான் தீரவேண்டும்.

கதை சொல்ல ட்ரிகர்கள் உண்டு: ஒரு நிபந்தனை, அது நிறைவேறினால் ஒரு விளைவு. 'இந்த இடத்துக்குப் படை வந்தால் பாலத்தை எதிரிப் படை காக்கட்டும்' என்பது போன்றதெல்லாம் நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யலாம். எடிட்டரின் பலவீனமும் இங்கேதான். ஒரு ட்ரிகர் ஏன் ஓடவில்லை என்று அது விளக்குவதில்லை. ஒவ்வொன்றிலும் திரையில் ஒரு வரி காட்டும் விளைவைச் சேர்த்துவிட்டு, எந்த வரி வரவில்லை என்று தேடுவதே வழி. எண்ணிக்கை கூடினால் பெயர் சூட்டி ஒழுங்காக வைக்காதவர் பாடு திண்டாட்டம்.

முடித்ததும் நண்பர் ஒருவரை ஆடச் சொல்லுங்கள், விளக்கம் எதுவும் சொல்லாமல். அந்த அடிவாரத் தங்கத்துக்கு அவர் போகவே இல்லையென்றால், அதை இன்னும் சில கட்டங்கள் அருகே நகர்த்துங்கள்.