அச்சகங்களில் பிறந்த கட்சிகள்

அமெரிக்கக் குடியரசை நிறுவியவர்கள் கட்சியை ஒரு நோயாகவே கருதினார்கள். 1796இல் விடைபெறும் உரையில் ஜார்ஜ் வாஷிங்டன் கட்சிப் பற்றால் வரும் கேடுகளை நீளமாக எடுத்துரைத்தார். அதற்குள் அவரது அமைச்சரவையில் இருந்த ஹாமில்டனைச் சுற்றிப் பெடரலிஸ்ட் கட்சியும் ஜெபர்சனைச் சுற்றிக் குடியரசுக் கட்சியும் உருவாகிவிட்டன. கட்சியை வெறுத்தவர்களே கட்சி கட்டிய இந்த முரணை 1969இல் ஒரு நூலாக விரித்தெழுதினார் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாடர். எதிர்க்கட்சி இருப்பது துரோகம் ஆகாது என்ற எண்ணம் எவ்வளவு சிரமப்பட்டு வேரூன்றியது என்பதை அந்நூல் அருமையாகச் சொல்கிறது. ஆனால் தலைவர்களின் கடிதங்களையும் உரைகளையும் நம்பி எழுதப்பட்ட அதில் வாக்காளர்கள் அநேகமாக இல்லை.

அந்தக் குறையைப் போக்கிய நூல்களில் ஜெஃப்ரி பாஸ்லி 2001இல் எழுதியதையே முதலில் வைப்பேன். கட்சிக்கு அலுவலகமோ உறுப்பினர் அட்டையோ இல்லாத காலம் அது. பத்திரிகைதான் கட்சி. அச்சகக்காரர்கள் தங்கள் பத்திரிகைகளை ஒருவருக்கொருவர் கட்டணமின்றி அஞ்சலில் அனுப்பிக்கொள்ள 1792ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் வழிசெய்தது. பிலடெல்பியாவின் ‘அரோரா’வில் வந்த தாக்குதல் சில வாரங்களில் தொலைதூரச் சிற்றூர்ப் பத்திரிகையிலும் மறுபதிப்பானது. கையில் மை படிந்த கைவினைஞர்கள் கனவான்களின் அரசியலுக்குள் நுழைந்த கதை இது. 1798இல் ஆட்சியிலிருந்த பெடரலிஸ்டுகள் தேசத்துரோகச் சட்டத்தை ஏவி அவர்களை ஒடுக்கப் பார்த்தார்கள். அச்சட்டப்படி நான்கு மாதம் சிறைவைக்கப்பட்ட வெர்மாண்ட் மாநில நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் மேத்யூ லையனை, அவர் சிறையில் இருந்தபோதே தொகுதி மக்கள் மறுபடி காங்கிரசுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அடக்குமுறைக்கு வாக்காளர் கொடுத்த இந்தப் பதிலடி நிறுவனர்களின் வரலாறுகளில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுவது எனக்கு என்றும் வருத்தம் தருவது.

டேவிட் வால்ட்ஸ்ட்ரெய்ச்சர் ஜூலை 4 ஊர்வலங்களையும் விருந்துகளில் உயர்த்தப்பட்ட வாழ்த்துகளையும் அரசியலாகவே வாசித்தார். ஜோன் ஃப்ரீமன் மானம், வதந்தி, துப்பாக்கிச் சண்டை ஆகியவற்றின் இலக்கணத்தை விளக்கினார். இருவரின் நூல்களுமே படிக்க வேண்டியவை.

இத்துறையின் அடித்தளத்தையே மாற்றியது பிலிப் லாம்பியின் உழைப்பு. பேராசிரியர் பதவி எதுவும் இல்லாத இவர், பழைய பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த தேர்தல் முடிவுகளைப் பல பத்தாண்டுகள் கையால் படியெடுத்துத் தொகுத்தார். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் உள்ள அமெரிக்கப் பழம்பொருள் கழகத்தின் ஆதரவில் அவை 1787 முதல் 1825 வரையிலான தரவுத்தளமாக விரிந்தன. எளிய மக்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அடங்கி வாக்களித்தார்கள் என்ற பழைய கொள்கை இவற்றின் முன் நிற்கவில்லை. ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபராவதற்கு வெகுகாலம் முன்பே, சில மாநிலத் தேர்தல்களில் வாக்குரிமை உள்ளவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் வாக்களித்திருக்கிறார்கள். அவர்களைத் திரட்டியது கட்சிப் போட்டிதான்.

அந்தப் போட்டியே மற்றவர்களை வெளியேற்றவும் செய்தது. நியூ ஜெர்சியின் 1776 அரசியலமைப்பு, 50 பவுண்டு சொத்துள்ள ‘குடியிருப்போர் அனைவருக்கும்’ வாக்குரிமை அளித்ததால், அங்கே சொத்துள்ள மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் கறுப்பினத்தாரும் வாக்களித்தார்கள். 1797இல் பெண்களின் வாக்குகளால் தோல்வியின் விளிம்புவரை போன குடியரசுக் கட்சிக்காரர் ஜான் காண்டிக்ட், பத்து ஆண்டுகள் கழித்து அவர்களை நீக்கும் சட்டத்தை முன்னெடுத்தார். அதே 1807 சட்டம் வரி கட்டிய வெள்ளை ஆண்கள் அனைவருக்கும் சொத்துத் தடையை விலக்கியது. ரோஸ்மேரி ஸகாரியின் 2007ஆம் ஆண்டு நூல் இந்தப் பின்வாங்கலைத் துல்லியமாகத் தொடர்கிறது. 1821இல் நியூயார்க்கும் வெள்ளையருக்குச் சொத்துத் தகுதியை நீக்கி, கறுப்பின ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் சொத்துத் தகுதியை விதித்தது.

வாக்குரிமை விரிந்த வரலாற்றையும் பறிபோன வரலாற்றையும் தனித்தனியே எழுதும் நூல் எதுவும் இனி முழுமையானது ஆகாது. லாம்பியின் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அக்காலத்தைப் படிக்க விரும்பும் தமிழ் மாணவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.