மாதிரி உருமாற்றச் சோதனையில் எதிர்பார்ப்பு மாதிரியின் சான்றுத் தகுதி

மென்பொருள் வடிவமைப்பை மாதிரியாக வரைந்து, விதிகளின்வழி அதனை வேறொரு மாதிரியாக மாற்றுவது மாதிரி உருமாற்றம் எனப்படும். அவ்விதிகளும் நிரலே ஆதலின் அவற்றிலும் பிழை நேரலாம். சிறிய உள்ளீட்டு மாதிரி ஒன்றை விதிகளுக்கு உட்படுத்தி, கிடைக்கும் விளைவை முன்னரே ஆயத்தமாக வைத்துள்ள எதிர்பார்ப்பு மாதிரியோடு ஒப்பிடுவதே அலகுச் சோதனையில் பெருவழக்காக உள்ளது. 2011இல் அறிமுகமான ஈயூனிட் சட்டகம் இவ்வொப்பீட்டை ஒரே கூற்றில் எழுத வழிசெய்தது. இம்முறையின் எளிமை பாராட்டத்தக்கது. எனினும், எதிர்பார்ப்பு மாதிரி எங்கிருந்து வந்தது என்னும் வினாவை அது எழுப்புவதே இல்லை.

ஏடிஎல் மொழியின் எடுத்துக்காட்டுகளுள் நன்கு அறியப்பட்டது, வகுப்பு வரைபடத்தைத் தரவுத்தள அட்டவணைகளாக மாற்றும் உருமாற்றமாகும். அதில் ஒவ்வொரு வகுப்பும் ஓர் அட்டவணையாகிறது. பல மதிப்புகளை ஏற்கும் ஒவ்வொரு பண்பும் தனி அட்டவணையாகிறது. வகுப்பு அட்டவணைக்குத் திறவு நெடுவரிசை ஒன்றும் சேர்க்கப்படுகிறது. ஆனால் அத்திறவின் தரவு வகையை விதி தானே படைப்பதில்லை. உள்ளீட்டு மாதிரியில் ‘இன்டிஜர்’ என்னும் பெயருடைய வகையைத் தேடி, முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்கிறது. அப்பெயர் உள்ளீட்டில் இல்லையெனில் தேடல் வெறுமையாக முடியும். உருமாற்றமோ நிற்பதில்லை, வகையற்ற திறவு நெடுவரிசையைத் தந்துவிடுகிறது. ‘இன்டிஜர்’ இடம்பெற்ற உள்ளீட்டை மட்டும் கொண்ட சோதனை இச்சார்பை ஒருபோதும் வெளிப்படுத்தாது. அது இடம்பெறாத உள்ளீட்டின் விளைவை மேலோட்டமாகப் பார்த்து, அதனையே எதிர்பார்ப்பு மாதிரியாகச் சேமித்தால் நிலைமை இன்னும் மோசமாகும்: அன்றுமுதல் குறையே தேர்ச்சியாகப் பதிவாகும்; பின்னாளில் ஒருவர் விதியைத் திருத்தினால் அத்திருத்தமே பிழையெனக் காட்டப்படும்.

பதிப்பியலில் பயின்றோர்க்கு இது புதிதன்று. ஒரே ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்ட இரு சுவடிகள் ஒத்திருப்பதைப் பாடத்தின் செம்மைக்குச் சான்றாக எவரும் கொள்வதில்லை.

விளைவையே எதிர்பார்ப்பாக்கும் பழக்கம் சோம்பலால் மட்டும் தோன்றுவதன்று. ஒப்பீட்டுக் கருவியின் இயல்பும் அதற்குக் காரணமாகிறது. ஈஎம்எஃப் கம்பேர் போன்ற கருவி முதலில் இரு மாதிரிகளின் உறுப்புகளை இணைசேர்த்து, பின்னரே வேறுபாடுகளைக் கணக்கிடுகிறது. அடையாளக் குறி இருப்பின் அதன்வழியும், இல்லையெனில் உள்ளடக்க ஒப்புமைவழியும் இணை தேடுகிறது. ஒவ்வோர் இயக்கத்திலும் புதிதாக வழங்கப்படும் அடையாளக் குறிகள், பொருளற்ற வரிசை மாற்றம் ஆகியவை பொய்த் தோல்விகளை விளைவிக்கின்றன. அத்தகைய தோல்விகளைப் பன்முறை கண்டு சலித்தவர், மெய்த் தோல்வி வரும்போதும் பழைய கோப்பின்மீது புதிய விளைவை எழுதிவிடுகிறார்.

ஆகவே, எதிர்பார்ப்பு மாதிரியை உருமாற்றத்தை இயக்காமல், விதியின் நோக்கத்திலிருந்து கையால் எழுதுவதே தக்கது. பெரிய மாதிரிகளுக்கு இது இயலாது என்னும் மறுப்பு நியாயமானதே. அங்கு முழு ஒப்பீட்டைக் கைவிட்டு, ஓசிஎல் மொழியில் பின்நிபந்தனைகளை எழுதலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டுக்கு இரண்டு போதும்: அட்டவணைகளின் எண்ணிக்கை, வகுப்புகளும் பல மதிப்புப் பண்புகளும் சேர்ந்த தொகைக்குச் சமமாதல், எந்த நெடுவரிசையும் வகையின்றி இராமை. ‘இன்டிஜர்’ இல்லாத உள்ளீட்டில் முன்னது நிறைவேறும், பின்னது தவறும்.