'தாரம்' என்னும் வடசொல்

மனைவியைக் குறிக்கும் வடசொற்களுள் 'பார்யா' பெண்பால், 'களத்ரம்' நபுஞ்சகம், 'தாராஃ' ஆண்பால். மூன்றற்கும் பொருள் ஒன்றே. இவற்றுள் இறுதியிற் கூறியது, குறிக்கப்படுபவள் ஒருத்தியே யாயினும் பன்மையீறு பெற்றே வரும். ஒருமையாட்சி மிக அரிது. அமரகோசமும் இதனை ஆண்பாற் பன்மை என்றே குறிக்கின்றது.

'பிளத்தல்' என்னும் பொருளுடைய வினையே இதன் பகுதி என வடமொழி இலக்கண நூலார் காட்டுவர். மனைவியைக் குடும்பம் பிளப்பவளாக்கும் இவ்விளக்கம் நமக்கு உடன்பாடன்று. சொல்வடிவைக் கண்டபின் புனைந்த பொருளாகவே அது தோன்றுகின்றது. மோனியர் வில்லியம்சும் தம் 1899ஆம் ஆண்டு அகராதியில் இத்தொடர்பை ஐயுற்றார்.

இனி, பன்மையீற்றைப் பலமனைவியர் வழக்கிற்குச் சான்றாக்க முயல்வோர், களத்ரம் நபுஞ்சகமாய் நிற்றற்கு என்ன விடை கூறுவர்? உடற்குறி கொண்டு சொற்பால் துணியலாகாது என்பதற்குக் கட்டிலையும் மரத்தையும் பதஞ்சலி முன்னரே எடுத்துக்காட்டினார். வடமொழியில் முன்னது பெண்பால், பின்னது ஆண்பால்.

இச்சொல் தமிழில் மகரவீறு பெற்றுத் 'தாரம்' என்றாயிற்று. (ஏழிசையுள் ஒன்றாகிய தாரம் வேறு சொல்.) ஆண்பாலும் பன்மையும் அதனுடன் வந்தில. 'இரண்டாந்தாரம்' என எண்ணடை ஏற்பது பன்மை ஒழிந்தமையைக் காட்டும். ஈற்றால் 'மரம்' போன்றதாயினும், 'மூத்த தாரம் வந்தாள்' என்போமேயன்றி 'வந்தது' என்னோம். திணை பொருள்பற்றியது என்பது கிளவியாக்க முதல் நூற்பாவானே பெறப்படும். எச்சவியலில் வடசொல்லுக்கு எழுத்து வரையறை கூறிய தொல்காப்பியர், பால்பற்றி ஒன்றுங் கூறாமை இதனாற் போலும்.