பதிவேட்டுக்குள் வரும் வைத்தியம்: அக்குபஞ்சர், வர்மம், சித்த மருத்துவம் – நெகிரி செம்பிலான் தோட்டப்புற நோக்கில்

மலேசியாவில் ஆங்கில மருத்துவத்தை ஒழுங்குபடுத்தும் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம், மலாய், சீன, இந்திய முறைகளிலும் பிற சுதேச முறைகளிலும் மட்டும் வைத்தியம் பார்ப்போரின் உரிமையில் தான் தலையிடுவதில்லை என்று தன் 34ஆம் பிரிவில் ஒதுங்கிக்கொண்டது. ஆங்கில மருத்துவர் என்று பிறரை நம்பவைக்கும் பட்டத்தைச் சூட்டிக்கொள்ளாத வரையில், ஒருவர் யாரிடம் கற்றார், எத்தனை ஆண்டு கற்றார், எதைக் கற்காமல் விட்டார் என்று கேட்க எந்தச் சபையும் இருக்கவில்லை. இவ்விலக்கு பாரம்பரிய வைத்தியத்துக்குக் கிடைத்த மதிப்பாக நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயினும் நோயாளியின் பக்கம் நின்று நோக்கினால், நல்ல வைத்தியரையும் போலி வைத்தியரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, பிரித்தறியும் சுமையை எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியின் தலையில் ஏற்றிய ஏற்பாடாகவே அது இருந்தது.

அந்த நிலையை மாற்றியது 775ஆம் எண்ணுள்ள 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம். நிரப்பு மருத்துவம் என்பது ஆங்கில மருத்துவத்துக்கு மாற்றாக அன்றி, அதனோடு சேர்ந்து துணைநிற்கும் சிகிச்சை முறைகளைக் குறிக்கும் சொல். மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், இஸ்லாமிய மருத்துவ வழக்கம், ஹோமியோபதி, எலும்பு மூட்டுகளைக் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி ஆகிய ஏழு துறைகள் இச்சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்டன. 2016 ஆகஸ்ட் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம் முதலில் இதற்கெனத் தனி மன்றத்தை அமைத்தது. 2021 மார்ச் 1 முதல் வைத்தியர்களின் பதிவு தொடங்கியது. ஏற்கெனவே தொழில் செய்துவந்தோர்க்கு மூன்றாண்டு இடைக்காலம் தரப்பட்டு, 2024 மார்ச் 1 முதல் பதிவு கட்டாயமாயிற்று. பதிவின்றித் தொழில் நடத்துவோர்க்கு முதன்முறை 30,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் தண்டனை 50,000 ரிங்கிட், மூன்றாண்டு என உயரும். சட்டம் வருவதற்கு முன் வைத்தியர்களைப் பதிவுசெய்யும் வேலையைத் தம்மால் இயன்ற அளவு செய்துவந்தவை வைத்தியர்களின் சொந்தச் சங்கங்களே. சீன வைத்தியர்களின் கூட்டமைப்புகளும், பெப்திம் என்று அழைக்கப்படும் மலேசிய இந்தியப் பாரம்பரிய மருத்துவச் சங்கமும் அவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

இந்த ஏழு துறைகளுள் அக்குபஞ்சர், சீனப் பாரம்பரிய மருத்துவத்தின் ஒரு கிளையாக அடங்குகிறது. உடலில் உயிராற்றல் ஓடுவதாகச் சீன மரபு கொள்ளும் பாதைகளின்மேல் அமைந்த புள்ளிகளில் மயிரிழை போன்ற ஊசியைச் செலுத்தி நோய் தணிப்பது இம்முறை. இப்புள்ளிகள் 361 எனக் கொண்டு, அவற்றின் இருப்பிடங்களை நாடுகளுக்கிடையே ஒருப்படுத்தும் முயற்சியை உலகச் சுகாதார நிறுவனம் மேற்கொண்டது. பயிற்சிக்கும் பாதுகாப்புக்குமான வழிகாட்டி நெறிகளை அந்நிறுவனம் 1999இலேயே வெளியிட்டிருந்தது. புள்ளிகள் ஒன்றாயினும் கிளைநெறிகள் பல. நாடி பார்த்து, நாவைப் பார்த்து, மூலிகையோடு இணைத்து ஊசியிடுவது சீனச் செந்நெறி. உயிராற்றல் கொள்கையை விடுத்து, நரம்பு, தசை இவற்றின் இயக்கத்தைக் கொண்டு விளக்கி, வலிக்கு மட்டும் ஊசியிடுவது மேலைநாட்டு மருத்துவர்கள் வளர்த்த நெறி. தமிழ்நாட்டில் பரவலாயிருக்கும் இன்னொரு நெறியோ ஊசியையே கைவிட்டு, நாடி பார்த்துத் தேர்ந்த ஒற்றைப் புள்ளியை விரல்நுனியால் தொடுவதோடு நின்றுவிடுகிறது.

இந்தியாவுக்கு இக்கலை வந்த வழியும் நினைவுகூரத் தக்கது. 1938இல் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில் மருத்துவர் கோட்னிஸுடன் இடம்பெற்ற விஜய குமார் பாசு, பின்னாளில் அங்கு அக்குபஞ்சர் பயின்று கல்கத்தாவில் அதை வேரூன்றச் செய்தார். அந்த வேரின் பயனாக மேற்கு வங்கம் 1996இலும், பின்னர் மகாராஷ்டிரம் 2015இலும் தனிச் சட்டங்களை இயற்றின. இந்திய அரசு 2019இல் அதனைத் தனியொரு சிகிச்சை முறையாக ஏற்றது. மலேசியாவிலோ பட்டப்படிப்பே அண்டையில் உண்டு. சீனப் பாரம்பரிய மருத்துவத்தில் பட்டக் கல்வி தந்த நிறுவனங்களுள் ஒன்றான இன்டி அனைத்துலகப் பல்கலைக்கழகம், நெகிரி செம்பிலானின் நீலாய் நகரிலேயே அமைந்திருக்கிறது.

உரிமம் எதற்கு என்ற கேள்விக்கு விடை சட்ட நூலில் இருப்பதைக் காட்டிலும் தோட்டத் தொழிலாளியின் தோளில் தெளிவாக இருக்கிறது. ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தபின், குலை வெட்டுபவர் நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைப் பொருத்தி, நாள் முழுவதும் அண்ணாந்து நின்று, தலைக்கு மேலே பல மீட்டர் உயரத்தில் உள்ள மட்டையையும் குலையையும் அறுக்கிறார். கழுத்துக்கும் தோள்முனைக்கும் இடைப்பட்ட தசை இறுகிக் கல்லாகிவிடுகிறது. அக்குபஞ்சர் மரபில் அவ்வலிக்கு முதலில் நாடப்படும் புள்ளிகளுள் ஒன்று, அத்தசையின் உச்சியில் உள்ள ஜியான்ஜிங். தோள்கிணறு என்பது அதன் பொருள். அந்தக் கிணற்றுக்கு நேர்கீழே இருப்பது நுரையீரலின் மேல்முனை. ஒல்லியான உடம்பில் ஊசி நேராகவும் ஆழமாகவும் இறங்கினால் நுரையீரல் உறை துளைபட்டு, நெஞ்சுக்குள் காற்று புகுந்து மூச்சுத் திணறும். இவ்விபத்து மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவானது. தேர்ந்த வைத்தியர் தசையை இருவிரலால் தூக்கிப் பிடித்து, ஊசியைச் சாய்த்து, ஆழம் அறிந்து நிறுத்துவார். அந்தச் சாய்வைக் கற்றவர் யார், கல்லாதவர் யார் என்பது வெளித்தோற்றத்தில் தெரியாது. பதிவேடு சொல்ல வேண்டியது அதைத்தான். உறை பிரிக்கப்படாத ஒருமுறை ஊசி, பயன்படுத்தியபின் அதனைப் போடும் தடித்த மஞ்சள் பெட்டி, மஞ்சட்காமாலைக் கிருமி இரத்தவழி பரவாமல் காக்கும் ஒழுங்கு ஆகியவையும் இதனோடு சேர்ந்தவை.

தோட்டப்புறத்துக்குப் பதிவேடு புதிதன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்ட நிர்வாகம் தன் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்யக் கடமைப்பட்டதென வகுத்தது. அந்தக் கடமையின் முகமாக, லயம் எனும் தோட்டக் குடியிருப்பின் மக்களுக்குத் தெரிந்தவர் டிரஸர். கொயினா மாத்திரை கொடுத்தவரும், புண்ணுக்குக் கட்டுப் போட்டவரும், பெரட்டு எனும் காலை வருகைக் கணக்கெடுப்பில் நிற்காதவர் உண்மையில் நோயாளியா என்று தீர்ப்புச் சொன்னவரும் அவரே. அந்த மனிதரின் தகுதியையும் 1965ஆம் ஆண்டுத் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் ஏட்டில் ஏற்றியது. ஆனால் டிரஸரிடம் போவதற்கு முன்பும், அவர் கைவிட்ட பின்பும் மக்கள் நாடிய சுளுக்கு வழிப்பவர், மருத்துவச்சி, நாட்டு வைத்தியர் ஆகியோர் எந்த ஏட்டிலும் இல்லை. ஒரே லயத்தில் ஒரே நோயாளிக்குப் பதிவு பெற்ற ஒருவரும் பெறாத மூவரும் வைத்தியம் பார்த்தனர் என்பதே தோட்ட வாழ்வின் மருத்துவ வரலாறு.

சான்று என்றால் என்ன என்பதற்கும் இம்மாநிலமே இலக்கணம் தந்திருக்கிறது. நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராயிருந்த பிராடன், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அது பெரிதும் விட்டுவிட்டதைக் கவனித்து, அரிசியே காரணம் என வாதிட்டார். அதனைச் சோதிக்க ஃபிரேசர், ஸ்டாண்டன் என்னும் ஆய்வாளர் இருவரும் 1907இல் இம்மாநிலத்தின் உட்பகுதியான டுரியான் திப்புஸில், சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு குழுவாக்கி, ஒன்றுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் தந்தனர். நோய் பச்சரிசிக் குழுவிலேயே தோன்றியது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்திய தமிழ்ப் பெண்களின் பழக்கத்தில் மருந்து இருந்தது. அது மருந்தென்று நிலைநாட்டப்படுவதற்கோ ஒரு சோதனை தேவைப்பட்டது. பாரம்பரிய அறிவை மதிப்பதும் சோதிப்பதும் பகையல்ல என்பதற்கு இதைவிட அண்மையான எடுத்துக்காட்டைத் தேடிப் போகவேண்டியதில்லை.

இந்தியப் பாரம்பரிய மருத்துவம் என்னும் தலைப்பின்கீழ்ச் சித்தம், ஆயுர்வேதம், யுனானி முதலியவை அடங்கும். தமிழர்க்கு உரிய சித்த மருத்துவம், அகமருந்து 32, புறமருந்து 32 என வகுத்து, புறமருந்தில் தொக்கணத்தையும் சேர்க்கிறது. தொக்கணம் என்பது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் எனத் தொடங்கி ஒன்பது வகையாகக் கையாளப்படும் உடற்பிடிப்பு. இதனோடு நெருங்கியது வர்மம்: படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 உயிர்நிலைகளை அறிந்து, அடிபட்டால் இளக்குவதும், வலியைத் தணிப்பதும் அதன் தொழில். அக்குபஞ்சர் புள்ளிகளோடு வர்மப் புள்ளிகள் சில ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றே எனப் பேசுவோர் உண்டு. அது சரியன்று. கற்கும் முறையிலேயே இரண்டும் வேறுபடுகின்றன. குமரிப் பகுதியின் ஆசான்மார், கொல்லவும் கூடிய அறிவு இது என்பதால், சீடனின் குணத்தைப் பல்லாண்டு சோதித்த பின்னரே கைமாற்றினர். ஏட்டில் எழுதியதும் பரிபாஷையில், அதாவது உள்வட்டத்தார்க்கு மட்டும் விளங்கும் மறைமொழியில் எழுதப்பட்டது. பதிவேடோ பாடத்திட்டம் கேட்கிறது, தேர்வு கேட்கிறது, சாட்சி கேட்கிறது.

இங்குதான் உண்மையான இடர்ப்பாடு உள்ளது. சித்த மருத்துவத்தில் அளவுகோலாகக் கொள்ளத்தக்க பட்டம், பாளையங்கோட்டை அரசுக் கல்லூரி, தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற தமிழ்நாட்டு நிறுவனங்களின் வழியில் வளர்ந்தது. இளநிலைப் பட்டத்துக்கு உள்ளகப் பயிற்சியுடன் ஐந்தரை ஆண்டு ஆகிறது. தோட்டத்தில் தந்தையின் கையைப் பார்த்துக் கற்றவரிடம் அது இராது. அவரது கை பொய்யென்று சொல்லிவிட முடியாது. அந்தக் கையை நம்பி யாரையும் ஒப்படைத்துவிடவும் முடியாது. இடைக்காலம் முடிந்துவிட்ட இன்று, அத்தகைய வைத்தியர்களிடமிருந்து இனி கற்க முடிவதைக் கேட்டு எழுதிவைப்பது இந்திய மருத்துவச் சங்கங்களின் அவசரப் பணி. பெரிய கல்லூரிகள் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை.

மருந்துப் பொருளின் நிலை வேறு. அங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை. பாரம்பரிய மருந்துகளின் பதிவு மலேசியாவில் 1992இல் தொடங்கியது. பதிவான மருந்தின் உறையில் ‘மால்’ என்னும் எழுத்துகளும் எண்ணும், இறுதியில் பாரம்பரிய மருந்தென்பதைக் குறிக்கும் ‘டி’ எழுத்தும் இருக்கும். ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், பாடாணம் எனப்படும் ஆர்செனிக் 5, பாதரசம் 0.5 மில்லிகிராம் என்பன மேலெல்லைகள். இரசத்தையும் கந்தகத்தையும் சுத்திசெய்து புடமிட்டுச் செந்தூரமும் பற்பமும் ஆக்கிய மரபுக்கு இந்த எல்லை கடுமையானதே. சுத்திமுறை தவறாதிருந்தால் நஞ்சு முறிந்துவிடும் என்று வைத்தியர் வாதிடுவர். ஆனால் யார் எந்த அடுப்பில் எத்தனை புடம் போட்டார் என்பதைக் காகிதப் பொட்டலத்தில் வாங்கும் தாய் அறிய வழியில்லை. எண் இல்லாத செந்தூரத்தைக் குழந்தைக்குத் தேனில் குழைத்துக் கொடுப்பதை எந்த மரபின் பெயராலும் காக்க முடியாது.

ஒழுங்குமுறையின் நற்பயன் இம்மாநிலத்தில் கண்ணால் காணத்தக்கதாகவும் உள்ளது. போர்ட் டிக்சன் அரசு மருத்துவமனையின் பாரம்பரியப் பிரிவு, நெற்றியில் இளஞ்சூடான எண்ணெயை மெல்லிய தாரையாக ஒழுகவிடும் சிரோதாரா சிகிச்சையைத் தந்து வந்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் பாரம்பரியப் பிரிவுக்கு நோயாளி வருவது மருத்துவரின் பரிந்துரையோடு என்பதால், இரத்த அழுத்தமும் முந்தைய நோயும் ஏட்டில் இருக்கும்; எது பாரம்பரியத்தின் எல்லை, எது அறுவை அறைக்குப் போகவேண்டியது என்பதை ஒரே கூரையின்கீழ் முடிவுசெய்ய முடிகிறது.

லின்சம், பிராட்வால், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் போன்ற தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, துண்டாடலுக்கும் மறுநடவுக்கும் பின் சிரம்பான், ரந்தாவ், பகாவ் நகர்களின் தாமான் எனும் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டன. டிரஸர் அங்கே இல்லை. கடைவீதி வைத்தியசாலை உண்டு. இரத்த அழுத்தம், நீரிழிவு, புற்று, மலட்டுத்தன்மை உள்ளிட்ட 20 நோய்களுக்கு மருந்து உண்டென விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுத்திருந்தும், தமிழில் அச்சாகும் துண்டறிக்கைகளில் அந்நோய்களின் பெயர்களே பெரிய எழுத்தில் வருகின்றன. கோயில் திருவிழா மலர்களும் சங்க மலர்களும் பள்ளி மலர்களும் பெரும்பாலும் இத்தகைய விளம்பரங்களின் வருவாயில்தான் வெளிவருகின்றன. வைத்தியசாலை விளம்பரம் ஒன்று வரும்போது, முழுப்பக்கத்துக்கான காசோலையோடு வைத்தியரின் பதிவு எண்ணையும் மருந்தின் ‘மால்’ எண்ணையும் கேட்டுப் பெற்று, அவற்றை விளம்பரத்துக்குள்ளேயே அச்சிடுவது மலர்க் குழுவினரின் கையில் இருக்கும் வேலை.