இறாலுக்கு அர்த்தம் உண்டா?

ஆண்டு 1964, வசந்தகாலம். ஒரு பெண்ணின் வீட்டு அறை. சுவரில் கடிகாரம், கூண்டில் ஒரு கிளி. திரையில் கண்ட இடத்தையெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டியதுதான். இழுப்பறை திறக்கும், சாவி கிடைக்கும், கடிகார முள் நகரும். பத்து நிமிடத்தில் அந்தப் பருவம் முடிந்துவிடுகிறது. அடுத்து 1971. அதே அறை, அதே கிளி. ஆனால் ஏதோ சரியில்லை. 1981-க்கு வருவதற்குள் போனைக் கையில் பிடித்திருப்பவருக்கு ஒன்று புரிந்திருக்கும். தப்பிக்க வேண்டியது அறையிலிருந்து அல்ல, அந்தப் பெண்ணின் நினைவுகளிலிருந்து.

அவள் பெயர் லாரா வாண்டர்பூம். கேமின் பெயர் ‘கியூப் எஸ்கேப்: சீஸன்ஸ்’. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ராபின் ராஸ், மார்டன் லூயிஸ் என்ற இருவர் 2015 ஏப்ரலில் இலவசமாக வெளியிட்ட மூன்று சின்ன கேம்களில் ஒன்று. ‘ரஸ்டி லேக்’, அதாவது துருப்பிடித்த ஏரி, என்பதுதான் அவர்களுடைய நிறுவனத்தின் பெயர், கதை நடக்கும் இடத்தின் பெயர், மொத்தத் தொடரின் பெயர், எல்லாமே. அன்றிலிருந்து பதினைந்துக்கும் மேற்பட்ட கேம்கள் வந்துவிட்டன. எல்லாம் ஒரே கதையின் சிதறிய பக்கங்கள். பக்கங்களை யாரும் வரிசையாகத் தருவதில்லை. எனவே ரசிகர்கள் தாங்களே அடுக்குகிறார்கள், கூடவே ஆளுக்கொரு தியரி சொல்கிறார்கள். ஆந்தைத் தலை மனிதன் யார், கறுப்புக் கனசதுரம் எதைக் குறிக்கிறது, ஏன் திரும்பத் திரும்ப இறால் வருகிறது?

இந்தத் தியரிகளை அப்படியே நம்பிவிடுபவர்கள் ஒரு பக்கம், வேலையற்ற வேலை என்று ஒதுக்குபவர்கள் மறுபக்கம். இரண்டிலும் ருசி இல்லை. ஒரு தியரியைக் கேட்டதும் மறுபடி அந்த அறைக்குள் போய்ப் பார்க்கத் தோன்றுகிறதா, போனால் அங்கே புதிதாக ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பார்த்தால் போதும். நல்ல தியரி நம்மை கேமுக்குள் திருப்பி அனுப்பும். மோசமான தியரி, சொன்னவரின் கெட்டிக்காரத்தனத்தோடு நின்றுவிடும்.

முதலில் ஒரு நடைமுறை விஷயம். ஓவியத்தில் கத்தி வரையப்பட்டிருந்தால் அது கத்தி, அல்லது மரணம், அல்லது துரோகம். புதிர் கேமில் கத்தி என்றால் முதலில் அது எதையாவது அறுப்பதற்கு. பூட்டு இருப்பதால் சாவி இருக்கிறது, இருட்டு இருப்பதால் தீப்பெட்டி இருக்கிறது. ஆகவே கண்ணில் பட்ட எல்லாப் பொருளுக்கும் உட்பொருள் தேடுவது வீண் அலைச்சல். புதிர்கள் எல்லாம் அவிழ்ந்த பிறகு மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும். எந்தப் பூட்டையும் திறக்காமல், எதற்கும் உதவாமல், சும்மா சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும் படம் ஒன்று இருக்குமே, அதை ஏன் மெனக்கெட்டு வரைந்தார்கள்? குறியீட்டு வேட்டை அங்கே தொடங்கினால் கை நிறையும். பெயர்களும் அப்படித்தான். அவற்றுக்குப் புதிரில் வேலையே கிடையாது.

வாண்டர்பூம் என்ற பெயரைக் கேட்டால் ஆங்கிலக் காதுக்கு ஏதோ வெடிப்பது போல இருக்கும். டச்சு மொழியில் அந்தச் சொல்லை ‘போம்’ என்று உச்சரிப்பார்கள், பொருள் மரம். ‘வான் டெர் போம்’ என்றால் மரத்து வீட்டுக்காரர் என்று சொல்லலாம். இதைத் தெரிந்துகொண்டு 2016-இல் வந்த ‘ரஸ்டி லேக்: ரூட்ஸ்’ கேமைத் திறந்தால் மயிர்க்கூச்செறியும். 1860-இல் ஜேம்ஸ் வாண்டர்பூம் என்பவன் வாரிசுரிமையாகக் கிடைத்த வீட்டின் தோட்டத்தில் ஒரு விதையை நடுகிறான். அங்கிருந்து கல்யாணம், பிரசவம், போர், சாவு என்று ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கிளைக்கிறது. லெவல் தேர்ந்தெடுக்கும் திரையே ஒரு மரம். ஒரு புதிரை முடித்தால் ஒரு கிளை நீள்கிறது. குடும்பப் பெயர், கதை, திரை மூன்றும் ஒரே விதையிலிருந்து முளைத்திருக்கின்றன, தலைப்பும் வேர்தான்.

லாராவின் மரணத்தை விசாரிக்க வரும் துப்பறிவாளனின் பெயர் டேல் வாண்டர்மீர். ‘மேர்’ என்றால் டச்சில் ஏரி. புகழ்பெற்ற ஓவியர் வெர்மீரின் பெயரும் இதே ‘வான் டெர் மேர்’ சுருங்கி வந்ததுதான். ஆக, இறந்தவள் மரத்துக்காரி, தேடி வருபவன் ஏரிக்காரன். அவன் கடைசியில் எங்கே இழுபட்டுப் போவான் என்பது அவன் அடையாள அட்டையிலேயே எழுதியிருக்கிறது. டச்சு தெரிந்தவர்களுக்கு இது வெகு சாதாரணமான பெயர், நம்மூரில் ‘ஏரிக்கரையார்’ என்பது போல. தெரியாதவர்களுக்குத்தான் புதையல்.

மூன்றாவது பெயர் ஐலாண்டர், டச்சில் தீவுக்காரர். 2018-இல் வந்த ‘பாரடைஸ்’ கேமில் யாக்கோப் ஐலாண்டர் தன் தாய் மர்மமாக இறந்த செய்தி கேட்டுப் பிறந்த தீவுக்குத் திரும்புகிறான். தாய் போனதிலிருந்து தீவைப் பத்து வாதைகள் பிடித்திருக்கின்றன. பைபிளின் யாத்திராகமத்தில் எகிப்தின்மேல் வந்த அதே பத்து: தண்ணீர் இரத்தமாகிறது, தவளை வருகிறது, பேன் வருகிறது, பிறகு வெட்டுக்கிளி, இருள். கேமின் அத்தியாயங்களும் அவ்வாறே. இதில் மறைவாக எதுவும் இல்லை, விளம்பர வாசகத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். மறைந்திருப்பது வேறு. அதே வாசகத்தில் இன்னொரு சொல் இருக்கிறது: யாக்கோப் அந்த வீட்டின் மூத்த மகன். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வாதைகளை மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த இடத்தில் சுருக்கென்று தைக்கும். பத்தாவது வாதை தலைச்சன் பிள்ளைகளின் சாவு. முதல் அத்தியாயத்தில் படகிலிருந்து இறங்கும்போதே நாயகனின் கணக்கு முடிந்துவிட்டது. முகமூடி அணிந்த அவன் குடும்பத்தார் ஒவ்வொரு வாதைக்கும் அவனை உற்சாகமாக வேலை வாங்குவதை அதற்குப் பிறகு பார்க்கும்போது, அந்த உற்சாகத்தின் நிறமே மாறிப்போகிறது.

எங்கும் சொல்லாமல், ஒரு சின்ன உறவுச்சொல்லில் முழு முடிவையும் ஒளித்துவைப்பது சாமானியக் கைவேலை அல்ல. சங்கப் பாடலில் குருகையும் தாழையையும் கண்டால் உள்ளுறை தேடிப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த ருசி பழக்கமானதுதான்.

கடன் வாங்கிய பெயர்களும் உண்டு. டேல், லாரா, பாப். இந்த மூன்று பெயர்களும் ஒரே கதையில் வந்தால் அமெரிக்கத் தொலைக்காட்சி ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் உருவாக்கி 1990-இல் ஒளிபரப்பான ‘ட்வின் பீக்ஸ்’ தொடரில் கொல்லப்பட்ட பெண் லாரா பால்மர், விசாரிக்க வரும் எஃப்.பி.ஐ. அதிகாரி டேல் கூப்பர், காட்டில் ஆந்தைகள், நடுவே பாப் என்ற பயங்கரம். இந்தத் தாக்கத்தை ரஸ்டி லேக்காரர்கள் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், எனவே கண்டுபிடித்ததாக யாரும் மார்தட்ட வேண்டாம். எதை மாற்றினார்கள் என்று பார்ப்பதுதான் சுவாரஸ்யம். ‘ட்வின் பீக்ஸ்’ பாப் வெறும் பேய். இங்கே பாப் ஹில், லாராவின் காதலன். அவனுக்காகவே 2020-இல் ‘தி ஒயிட் டோர்’ என்று தனியாக ஒரு கேம் வந்தது. மனநலக் காப்பகத்தின் வெள்ளை அறையில், நினைவு தப்பிய நிலையில், தினம் எழுந்து பல் துலக்கிச் சாப்பிட்டுத் தூங்கும் ஒரு மனிதன். வில்லனின் பெயரைக் கடன் வாங்கி, நோயாளிக்கு வைத்திருக்கிறார்கள்.

போலித் தியரி எப்படி இருக்கும்? வெளியே தேடுவானேன், இங்கேயே ஒன்று சமைத்துப் பார்க்கலாம். முதல் மூன்று கேம்களில் ஒன்று ‘ஆர்ல்’. ஓவியர் வின்சென்ட் வான் கோ தெற்கு பிரான்ஸின் ஆர்ல் ஊரில் தங்கியிருந்தபோது 1888-இல் வரைந்த ‘படுக்கையறை’ ஓவியத்துக்குள்ளேயே நம்மை நிறுத்திவைக்கும் கேம் அது. மஞ்சள் கட்டில், சாய்ந்த தரை, இரண்டு நாற்காலி. அதே ஆண்டு டிசம்பர் 23 இரவுதான் வான் கோ தன் காதை அறுத்துக்கொண்டார். லாரா மரணத்தை டேல் விசாரிக்கும் கேமின் பெயர் என்ன? ‘கேஸ் 23’! ஆகவே லாராதான் வான் கோவின் மறுபிறவி.

எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். சமைக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இதை எடுத்துக்கொண்டு கேமுக்குள் போனால் கதவு எதுவும் திறக்காது. இருபத்துமூன்று என்ற எண் மட்டும்தான் பாலம், அதற்கு இருபுறமும் ஒன்றும் இல்லை. மாறாக, வான் கோவின் அறை ஏன் இந்தத் தொடரில் வந்தது என்று கேட்டால் நிறையக் கிடைக்கும். அவர் டச்சுக்காரர். படுக்கையறையை மூன்று முறை வரைந்தார், முதலாவது இன்று இருப்பது ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அருங்காட்சியகத்தில், இந்த கேம்கள் பிறந்த அதே ஊரில். ஒரே அறையைத் திரும்பத் திரும்ப வரைந்த மனிதன், ஒரே அறைக்குத் திரும்பத் திரும்ப வரும் லாரா. இதைத் திட்டமிட்டுத்தான் செய்தார்களா என்பது ஒருபுறம் இருக்கட்டும், ‘சீஸன்ஸ்’ கேமின் நான்கு பருவங்களையும் மறுபடி ஆடிப் பார்க்கத் தூண்டுகிறதல்லவா?

கனசதுரங்கள் விஷயம் நடுவாந்தரம். கறுப்பு என்றால் கெட்ட நினைவு, வெள்ளை என்றால் நல்ல நினைவு. இது தியரி அல்ல, கதைக்குள் நடக்கும் நடைமுறை. ‘தி மில்’ கேமில் காக்கைத் தலை மனிதர் இறந்த உடலிலிருந்து நினைவை எந்திரம் வைத்துப் பிழிகிறார். ஆனால் ‘ரூட்ஸ்’ கேமில் சாகாமருந்து காய்ச்சும் ரசவாதம் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் ஒரு படி மேலே போகிறார்கள். ரசவாதம் என்றதும் நமக்குச் சித்தர்கள் நினைவுக்கு வருவார்கள், இங்கே பேசுவது ஐரோப்பிய ரசவாதம். அதில் பொருள் முதலில் கறுத்து அழுக வேண்டும், பிறகு வெளுக்க வேண்டும், பிறகு மஞ்சள், கடைசியில் சிவப்பு. கறுப்பிலிருந்து வெள்ளைக்கு என்பது வரை தியரி கச்சிதமாக உட்காருகிறது. அதற்குமேல் ஒவ்வொரு கேமின் ஒவ்வொரு நிறத்தையும் இழுத்துவந்து ஜோடி சேர்ப்பது கட்டாயக் கல்யாணம்.

மறுபடி பெயர்களுக்கு வந்தால், ‘சம்சாரா ரூம்’ என்று ஒரு கேம் இருக்கிறது. தொடர் தொடங்குவதற்கு முன் 2013-இல் செய்ததை 2020-இல் புதுக்கி வெளியிட்டார்கள். பிறப்பு இறப்புச் சுழற்சி என்ற பொருளில் வைத்த பெயர். தமிழ்நாட்டு வாசகர் ‘சம்சாரத்தின் அறை’ என்று படித்துவிட்டு வீட்டில் யாரைத் தட்டிக் கூப்பிடுவது என்று விழித்தால் குற்றம் அவருடையதல்ல.

இனி இறால். ஏரி, சாப்பாட்டு மேசை, எதிர்பாராத மூலை என்று பல கேம்களில் இறால் தலைகாட்டுகிறது. மறுபிறவி, பலி, ஏரியின் ஆவி என்றெல்லாம் அதற்கு விளக்கம் தேட முடியும்தான். ஆனால் ரசிகர்களிடையே அது முதலில் ஒரு செல்லக் கிண்டல். கோயில் சிற்பத்தின் ஒரு மூலையில் சிற்பி தன் குறும்புக்குக் குரங்கு ஒன்றைச் செதுக்கி வைப்பதில்லையா, அதுபோல. அடுத்த கேமில் எங்கே வரும் என்று தேடிச் சிரிப்பதற்கு அது இருக்கிறது. தத்துவம் ஏற்றினால் இறாலுக்கும் பாவம், நமக்கும் பாவம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கதையின் கால வரிசையைத் தேடிப் பிடித்து அதன்படி ஆட வேண்டாம். வெளியான வரிசையே நல்லது. குழப்பத்தை எந்த அளவில் பரிமாற வேண்டும் என்று உருவாக்கியவர்களுக்குத் தெரியும். சீஸன்ஸ், தி லேக், ஆர்ல் என்ற முதல் மூன்றும் ஒரே மாலையில் முடிந்துவிடும். வரிசையில் சற்றுத் தள்ளி, ஐந்து விருந்தினர் ஐந்து இரவு தங்கும் ‘ரஸ்டி லேக் ஹோட்டல்’. இரவு உணவுக்கு என்ன கறி என்பதைச் சமையலறையில் போய்த் தெரிந்துகொள்ளவும். மான், காட்டுப்பன்றி, முயல் என்று விருந்தினர்கள் மிருகத் தலையோடு வருவதற்குக் குறியீட்டு அகராதி எதுவும் தேவைப்படாது. பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். ஆண்டு, பெயர், சுவரில் பார்த்த படம் மூன்றையும் குறித்துவைத்தால் போதும். மற்றவர்களின் தியரி வீடியோக்களை ஒரு கேமை முழுதாக முடித்த பிறகுதான் தொட வேண்டும். தானாக ஒன்றைக் கண்டுபிடித்து, வேறொருவரும் அதையே சொல்லக் கேட்கும்போது வரும் துள்ளலை முன்கூட்டியே செலவழிப்பானேன்? 2018-இன் ‘பாரடாக்ஸ்’ மட்டும் விதிவிலக்கு. அதே பெயரில் நடிகர்களை வைத்து எடுத்த குறும்படம் ஒன்றும் கூடவே வந்தது. கேமையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும், ஒன்றில் கிடைக்கும் தடயம் மற்றொன்றில் உதவும்.

தனியாக ஆடுவதில் ஒரு குறை உண்டு. நாம் பார்த்ததைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடுவோம். அந்த மயக்கத்தைத் தெளியவைப்பது 2022-இல் வந்த ‘தி பாஸ்ட் விதின்’. இருவர் மட்டுமே ஆட முடியும். ஒருவர் கடந்த காலத்தில், மற்றவர் எதிர்காலத்தில். ஒருவர் திரையை மற்றவர் பார்க்கக் கூடாது, வாயால் சொல்லித்தான் புதிரை அவிழ்க்க வேண்டும். கூடத்தில் அக்காவும் சமையலறைத் திண்ணையில் தம்பியுமாக உட்கார்ந்தால் பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்.

“அக்கா, எனக்கு ஒரு வட்டம் வருது. நடுவுல புள்ளி.”

“கண்ணு மாதிரியா, சூரியன் மாதிரியாடா?”

“கண்ணுதான். யாரோ நம்மளப் பாக்குறாங்க. இது அந்த ஆந்தையோட கண்ணு, எனக்கு நல்லாத் தெரியும்.”

“கதை விடாத. இமை இருக்கா பாரு.”